பச்சை ஸ்டிக்கர்

மார்ச் 11, செவ்வாய்

ஐஸ் மெஷின் மறுபடியும் நின்றுவிட்டது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றார். இந்த வாக்கை மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். பெண்கள் கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறது. தவக்காலம் ஏழாம் நாள். மதியம் தயிர்ச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும். ஈஸ்டர் வரைக்கும் கறி தொடுவதில்லை என்று இருப்பவள், நாள் முழுக்கக் கோழி பொரியும் வாசனையில் நிற்கிறேன். பழகிவிட்டது.

ஐந்தரைக்கு மேல் இரண்டு டூரிஸ்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. திண்டிவனம் பைபாஸில் எங்கள் பர்கர் கடைக்கு உயிர் போகிற நேரம் அது. அந்த நெரிசலில் ஒரு தவறு நடந்துவிட்டது.

அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா, தங்கை மகனோடு காரில் வந்தார். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் அவர் சாப்பிடுவதில்லையாம். சூரியன் இறங்குவதற்குள் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுவிட வேண்டும் என்று ஐந்து ஐம்பதுக்குப் பன்னீர் பர்கர் கேட்டார். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கூடாது என்று கவுன்ட்டரில் இரண்டு முறை சொன்னாராம். முதலில் போனதில் பூண்டு சாஸ் இருந்தது. முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது போனது. பெட்டியில் பச்சை ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது. இரண்டு கடி கடித்தபின் துப்பினார். உள்ளே இருந்தது கோழி.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். வாசலுக்குப் போய் வாய் கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொண்டுபோனேன்; கடைத் தம்ளரை வாங்கவில்லை. காரிலிருந்து தன் செம்பை எடுத்துவரச் சொன்னார். "பொறந்ததுலருந்து தொட்டதில்லம்மா" என்று மட்டும் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

தங்கை மகன்தான் சத்தம் போட்டான். பெட்டியையும் ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்தான். சைவக் கவுன்ட்டர் கணினியில் யார் பெயரில் திறந்திருக்கிறதோ அந்தப் பெயர் ஸ்டிக்கரில் அச்சாகும். தயாரித்தவர்: இதாயத்துல்லா.

யார் கை தவறியது என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

முதலாளி பாலசுந்தரம் சார் பத்து மணிக்கே வந்துவிட்டார். வழக்கமாக வெள்ளிக்கிழமைதான் வருவார். நடந்ததைச் சொன்னேன். சைவமும் அசைவமும் கலந்தால் உடனே வேலை போகும் என்பது கம்பெனி விதி. அது சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியவள் நான்தான்.

இதாயத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கள் கடையில் சைவக் கவுன்ட்டருக்குத் தனி எண்ணெய், தனி இடுக்கி, பச்சை ஏப்ரன். நான்கு வருடமாக அதை இதாயத்திடம்தான் கொடுத்திருக்கிறேன், அவ்வளவு சுத்தக்காரன். ஆட்கள் கைமறதியாக இடுக்கியை மாற்றி வைத்தால் பேசாமல் எடுத்துக் கொதிநீரில் போட்டுவிடுவான். "சாப்பிடுறவங்க நம்மள நம்பித்தானக்கா வாயத் தொறக்குறாங்க" என்று ஒருமுறை சொன்னான்.

தான் பன்னீருக்குப் பதில் கோழி வைக்கவில்லை என்று சாரிடம் சொன்னான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அவனுக்கு ரமலான் நோன்பு. மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கைகால் கழுவிக்கொள்ளப் பின்பக்கம் போவான். கணினியில் வெளியேறாமல் போவது விதிப்படி தவறுதான். நான்தான் போகச் சொல்வேன். நேற்றும் போனான். எத்தனை மணிக்குப் போனான் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

கேமரா பதிவைப் பார்க்கச் சொன்னார் சார். அவருக்கு அதைத் திறக்கத் தெரியாது, கடவுச்சொல் என்னிடம்தான். பார்க்கிறேன் என்றேன். ஏழு நாளைக்கு இருக்கும், அதன்பின் தானாக அழிந்து அதன்மேல் புதிது ஏறிவிடும். அவசரமில்லை.

ஐஸ் மெஷின் சரியாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

அந்த அம்மாவின் தங்கை மகன் இணையத்தில் போட்டது கடையைத் திட்டித்தான். படத்தில் பெட்டியும், வாசலில் குனிந்து வாய் கொப்பளிக்கும் அவன் பெரியம்மாவும். அதிலிருந்து ஸ்டிக்கரை மட்டும் யாரோ வெட்டி எடுத்து, பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'வேண்டுமென்றே செய்தது' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். காலையில் என் கணவர் அருளின் ஸ்கூல் வேன் டிரைவர்கள் குழுவுக்கே வந்துவிட்டது. "ஒங்க கடதான இது?" என்று காட்டினார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனேன்.

நான்கு மணிக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். எதுவும் வாங்கவில்லை. நடு மேசைகளில் உட்கார்ந்துகொண்டு, சமையலறையில் இருப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். தலைமை அலுவலகத்தில் கேளுங்கள் என்றேன். என் பெயர் என்ன என்று கேட்டார். மார்பில் பேட்ஜ் இருக்கிறது, இருந்தும் கேட்டார். ஜெசிந்தா என்றேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த 'ஓ' சாயங்காலம் வரை காதில் இருந்தது.

இதாயத்தை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தேன். அவர்கள் போனபின் கதவைத் திறந்தேன். மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கேட்டபின்தான் நோன்பு ஞாபகம் வந்தது.

மார்ச் 14, வெள்ளி

சார் ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது, மன்னிக்கவும்', கீழே இதாயத்தின் பெயர். கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். சூடு ஆறியதும் வேறு கிளையில் வேலை. சார் கெட்டவர் இல்லை. கடைக் கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கவலை.

"கவுன்ட்டர்ல நீதான நின்ன?"

"நான்தான் சார்."

"அப்ப அதுக்குள்ள கோழி எப்பிடி வந்துச்சு? யாரு வெச்சா?"

இதாயத் என்னைப் பார்த்தான். நீளமாகப் பார்க்கவில்லை. ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"தெரியல சார்."

"சரி. இதுல போடு."

"செய்யாதத செஞ்சேன்னு நோன்போட எழுதமாட்டேன் சார்."

சார் அரை மணி நேரம் நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னிடம், கேமராவில் என்ன இருக்கிறது என்றார். தெளிவாக இல்லை என்றேன். சைவக் கவுன்ட்டர் மேல் உள்ள கேமராக் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிந்திருப்பது உண்மைதான். அதை நான் மாதாமாதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் போனபின் இதாயத் வந்தான். "அக்கா, கேமரா பாத்தீங்களா?"

"தெளிவா இல்ல இதாயத்."

"சரிக்கா."

பச்சை ஏப்ரனைக் கழற்றி நான்காக மடித்து என் மேசையில் வைத்தான். எண்ணெய் வடிகட்ட வேண்டிய நாள் நாளை, அதை மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோயிலில் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போகவில்லை. தலைவலி.

மார்ச் 15, சனி

எண்ணெய் வடிகட்டினோம். கடையில் கூட்டம் பாதிதான். வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு டீ கொடுத்தோம்.

இதாயத்தின் மகளைப் பள்ளியில் ஒரு பிள்ளை "ஒங்கப்பாதான் கறி கலந்தாரா" என்று கேட்டதாம். ஏழு வயது. அது வீட்டுக்கு வந்து அப்படியா என்று அப்பாவிடமே கேட்டிருக்கிறது. அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கொஞ்ச நாள் வெளியூர் போய் இருந்துவிட்டு வாருங்களேன் என்றிருக்கிறார். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அருள். இதாயத் தெருப் பிள்ளைகள் மூன்று பேர் அவர் வேனில்தான் போகிறார்கள்.

"அந்தாளு அப்பிடி செய்றவனா?" என்று அருள் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப யாருதான் செஞ்சா?" என்றார். மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் பார்க்கச் சொன்னேன்.

இருபதாம் தேதி எனக்கு ஸ்டோர் மேனேஜர் நேர்முகம் இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே கடையில் தரை துடைக்க வந்தவள். நேர்முகத்துக்கு அந்த நீலப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

பூசைக்குப் போனோம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசை நீளமாக இருந்தது, நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வீட்டில் காஸ் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. வந்துவிட்டேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

மதியம் கடைக்குப் போய் அலுவலக அறையைச் சாத்திக்கொண்டு பதிவைத் திறந்தேன்.

படம் தெளிவாகத்தான் இருக்கிறது.

இனி இதில் சுற்றி வளைத்து எழுதிப் பயனில்லை. செவ்வாய்க்கிழமை ஆறு ஐந்து. ஒருத்தி இதாயத்தின் தோளைத் தட்டி, 'போ' என்று கையைக் காட்டுகிறாள். அவன் ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறான். அவள் ஏப்ரன் போடாமல் அந்த இடத்தில் நிற்கிறாள். காதில் போன். ஏரியா மேனேஜர், நேர்முகத் தேதியைச் சொல்லக் கூப்பிட்டிருந்தார். முதல் பர்கர் திரும்பி வருகிறது. பன்னீர்த் தட்டு காலி. புதிதாகப் பொரிக்க நான்கு நிமிடம் ஆகும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நயினார் அம்மா, கண்ணாடிச் சுவர் வழியாக வெளிச்சம் குறைவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். போனில் இருப்பவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே கையை நீட்டி, பக்கத்து அடுக்கிலிருந்து பொன்னிறமாக ஒன்றை எடுத்து ரொட்டிக்குள் வைக்கிறாள். அது எந்த அடுக்கு என்று பார்க்கவில்லை. பெட்டியை மூடுகிறாள். பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, ஓரம் தூக்காமல் இருக்கக் கட்டை விரலால் நன்றாக அழுத்துகிறாள்.

ஆறு இருபத்தைந்துக்கு இதாயத் தலையில் ஈரத்தோடு திரும்பி வருகிறான். அப்போது அந்த அம்மா வாசலில் குனிந்திருக்கிறார்.

கடித்த பர்கரை அவர் நீட்டியபோதே, உள்ளே கறியின் வெள்ளை நார் தெரிந்தபோதே எனக்குத் தெரியும். முதல் நாள் 'யார் கை தவறியது' என்று எழுதியபோதும் தெரியும். இதாயத்துக்கும் தெரியும். தன் இடத்தில் யாரை விட்டுப் போனான் என்று தெரியாதவனா? தான் அங்கே இல்லை என்று சொன்னால், போகச் சொன்ன எனக்கு வேலை போகும். அதனால் அவன் சொல்லவில்லை, நானே வாய் திறப்பேன் என்று காத்திருந்தான்.

செவ்வாய் மாலையோடு பதிவு அழியும். சும்மா இருந்தால் போதும். என் கை எதையும் அழிக்கக்கூட வேண்டாம்.

பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

அருளிடம் காலையில் சொன்னேன். கையில் எடுத்த வேன் சாவியைத் திரும்ப மேசையில் வைத்தார். பிறகு, சாரிடம் போகப்போகிறாயா என்றார். முதலில் அந்த அம்மாவிடம் என்றேன். சாரிடம் முதலில் போனால் அவர் என்னைப் பேசவிடாமல் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார். நானும் அதைப் பிடித்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

புகார்ப் படிவத்தில் முகவரி இருந்தது. வந்தவாசி போய் அங்கிருந்து டவுன் பஸ். பொன்னூர் மலை தெரிகிற ஊர். பெயர் திரிசலை, நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நடந்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முகம் வற்றிப்போயிருந்தது. ஆறு நாளாக உபவாசம். பகலில் ஒருமுறை காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும். தங்கை மகன் உள்ளேயிருந்து வந்து, கடைக்காரர்கள் யாரும் இங்கே வர வேண்டாம் என்றான். அவர் கையமர்த்தினார்.

உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவனை நான்தான் அனுப்பினேன், நான்தான் எடுத்தேன், நான்தான் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

"ஏன் அனுப்புனீங்க அவர?"

"நோன்பு தொறக்குற நேரம்மா."

திரிசலை அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பொழுது எறங்குறதுக்குள்ள சாப்புடணும்னு அவசரப்படுத்துனேன். அவரு பொழுது எறங்கட்டும்னு காத்துக்கினு இருந்திருக்காரு" என்றார். பிறகு, "வேணும்னே செஞ்சாங்கன்னு ஊரே சொல்லுது. எனக்கு அதுதான் தண்ணிகூட எறங்கல. என்னக் கெடுக்கணும்னு ஒருத்தர் நெனச்சிருப்பாரா, நான் அவருக்கு என்ன செஞ்சேன்னு" என்றார்.

"யாரும் நெனைக்கலம்மா. நான் பாக்காம எடுத்துட்டேன்."

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு நாளோட விட்டிருப்பேன்."

பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினேன்.

தங்கை மகன் பென்டிரைவை வாங்கித் தன் கணினியில் போட்டுப் பார்த்தான். அவன் பெயர் ஜீவந்தன். முழுதும் பார்த்துவிட்டு, ஸ்டிக்கரில் இருந்த பெயரைத்தான் தான் போட்டதாகவும் வேறொன்றும் எழுதவில்லை என்றும் சொன்னான். குரல் இறங்கியிருந்தது. அவனும் ஆறு நாளாக அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருப்பான் போல.

"எங்கிட்ட சொன்னது எனக்குப் போதும்" என்றார் அம்மா. "அவருக்குப் போதாது. இவன் போன்ல அன்னிக்கு எடுத்தான் இல்ல, அதே போன்ல சொல்லுங்க. பேரோட. சம்மதம்னாதான்."

பேரோட என்றதும் அந்த 'ஓ' காதில் கேட்டது. இதாயத்தை விட்டுவிட்டு இனி என்னைப் பிடித்துக்கொள்வார்கள். சம்மதம் என்றேன்.

நான்கு நிமிடம் பேசினேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். வெட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். கிளம்பும்போது, சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்ல இந்த வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை என்று வருத்தப்பட்டார். வாசல்வரை வந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

வேலை போய்விட்டது. சார், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாவிக்கொத்து, கடவுச்சொல், பேட்ஜ், எல்லாம் ஒப்படைத்தேன். மூன்று மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது இந்த நேரத்தில் எங்கே போவது என்று தெரியவில்லை. பதினோரு வருடத்தில் மூன்று மணி வெயிலை நான் பார்த்ததில்லை.

மார்ச் 19, புதன்

இதாயத் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மனைவியின் ஊரான பரங்கிப்பேட்டைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்களாம்.

மார்ச் 22, சனி

முதல் படத்தை லட்சக்கணக்கில் பார்த்தார்கள். என் பேச்சை இதுவரை ஆறாயிரம் பேர். கீழே வந்து திட்டுகிறவர்களில் பாதிப் பேர், அவனைக் காப்பாற்ற எனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கிறார்கள். அருள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

திரிசலை அம்மா நேற்று மதியம் கஞ்சி குடித்தாராம். ஜீவந்தன் செய்தி அனுப்பியிருந்தான். இதாயத்தின் எண்ணைக் கேட்டான், அம்மா பேச வேண்டுமாம். கொடுத்தேன்.

மார்ச் 26, புதன்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். வரிசை இல்லை.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். பகல் பதினொன்றுக்கு இதாயத்தே கூப்பிட்டான். போன் இரண்டு முறை மணி அடிக்கும்வரை எடுக்கப் பயமாக இருந்தது.

வாழ்த்துச் சொன்னேன். அவனும் சொன்னான். வீடியோவைப் பார்த்தேன் என்றான். அந்த நயினார் அம்மா கூப்பிட்டு, உன் பெயரை என் வீட்டுப் பிள்ளை தெருவில் போட்டுவிட்டான் என்று அழுதார்களாம். சார் திரும்ப வரச் சொல்கிறாராம். வரப்போவதில்லை, அங்கேயே ஒரு பேக்கரியில் சேர்ந்துவிட்டானாம். மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாமாம். எல்லாவற்றையும் நிதானமாகத்தான் சொன்னான்.

"எம்மேல கோவம் இல்லயா இதாயத்?"

"இருக்குக்கா." கொஞ்சம் நிறுத்தினான். "சாரு கேட்டப்ப தெரியலன்னு சொன்னேன்ல. எனக்குத் தெரியும். நோன்போட ஒங்களுக்காகப் பொய் சொன்னேன். அந்த நோன்பு முறியாது, கூடிடும்னுதான் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்றாரு. எனக்கு மனசு ஆறல. அதுக்காக இன்னொரு நோன்பு வெக்கப் போறேன். அத ஒங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல."

அன்று அவன் என்னைப் பார்த்த பார்வையில் இது இருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். அதற்கு அவன் எதுவும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. பின்னால் பிள்ளைகள் சத்தம், பாத்திரச் சத்தம், யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம். வருகிறேன் என்று அங்கே குரல் கொடுத்தான். பிறகு என்னிடம், பழைய குரலில் இல்லை, ஆனாலும் கேட்டான்:

"சாப்டீங்களாக்கா?"

சாப்பிட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்கிறோம்.

"இல்ல இதாயத்" என்றேன்.